கோட்டை வாசலுக்கு ஒரு கடுதாசி

மேலதிகாரி நம்மிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். "ஏன் லேட்?" என்று கேட்கலாம். "அந்த ஃபைல் எங்கே?" என்று கேட்கலாம். "போன வாரம்தானே லீவு எடுத்தீங்க?" என்று கேட்கலாம். மாதச் சம்பளம் வாங்குகிற ஜன்மம் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு, காண்டீனுக்குப் போய் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வந்துவிடும். ஆனால், "உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமாய்யா?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டால்...?

சுருக்கென்று இருக்கும். ராத்திரி தூக்கம் வராது. மனசுக்குள்ளேயே பத்து தடவை பதில் எழுதி, பத்து தடவை கிழித்துப் போடுவோம்.

ஒரு ஆசாமி கிழித்துப் போடவில்லை. (நினைத்தாலும் கிழிக்க முடியாது. அவர் எழுதியது பானை ஓட்டில்!) சுமார் 2,600 வருஷத்துக்கு முன்னால் அவர் தன் மேலதிகாரிக்கு எழுதிய அந்த ரோஷமான பதில், ஒரு கோட்டை வாசல் கோபுரத்தின் காவலர் அறையில், சாம்பலுக்கு அடியில் கிடைத்தது. ஆசாமியின் பெயர் ஹோஷயாஹு. கோட்டையின் பெயர் லாகீஸ்.

ஜெருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருந்தது லாகீஸ். யூதா ராஜ்யத்தில் ஜெருசலேமுக்கு அடுத்தபடி பெரிய ஊர். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் புல் முளைத்த ஒரு மேடு. அந்த மேட்டுக்குள் ஒரு நகரத்தின் மேல் இன்னொரு நகரமாக, அடை மேல் அடை அடுக்கின மாதிரி பல நகரங்கள் படுத்துக் கிடக்கின்றன. ஹோஷயாஹுவின் ரோஷம் புரிய வேண்டுமானால், முதலில் அந்தக் கோட்டையைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும்.

*

கோட்டைச் சுவர் என்றால் ஊரைச் சுற்றி நெட்டாக ஒரு மதில் எழுப்பிவிட்டால் போதாதா? நடுநடுவே கோபுரம் எதற்கு? அழகுக்கா?

இல்லை. மதிலின் பெரிய பலவீனம் அதன் காலடி. தூரத்தில் வருகிற எதிரியை மதில் மேல் நின்று அம்பால் அடித்துவிடலாம். அவன் ஓடி வந்து சுவரை ஒட்டி நின்றுவிட்டான் என்றால் தீர்ந்தது கதை. மேலே இருப்பவன் குனிந்து எட்டிப் பார்த்தால்தான் அவன் தெரிவான். எட்டிப் பார்த்த தலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அம்பு ரெடியாக இருக்கும். ஆகவே, சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி கோபுரம் கட்டினார்கள். அதன் பக்கவாட்டில் நின்றால் மதில் நெடுகிலும் ஒரே பார்வையில் தெரியும். சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறவனை விலாவில் அடிக்கலாம்.

லாகீஸில் இன்னொரு சூட்சுமம். ஊருக்குள் ஏறுகிற பாதை மதிலை ஒட்டியே மேலே போகிறது. ஏறுகிறவனுக்கு மதில் வலது கைப்பக்கம். இதில் என்ன சூட்சுமம் என்கிறீர்களா? சிப்பாய் வலது கையில் கத்தி பிடிப்பான். கேடயம் இடது கையில். வலது பக்கம் வெறும் உடம்பு! வாசல் வரைக்கும் அந்த உடம்பைக் காட்டிக்கொண்டே ஏற வேண்டும். அப்படியே தப்பித்து வந்தால் வெளி வாசல், அதைத் தாண்டித் திரும்பினால் உள் வாசல். பாதை போட்டவர் யாரோ, சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்.

கோபுரத்தருகே போவது எத்தனை ஆபத்து என்பதற்கு பைபிளிலேயே ஒரு கதை உண்டு. அபிமெலேக்கு என்று ஒரு முரட்டு ஆசாமி. தேபேஸ் என்ற ஊரைப் பிடித்தான். ஜனங்கள் எல்லாம் ஊர் நடுவில் இருந்த கோபுரத்துக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டார்கள். இவன் கதவுக்கு நெருப்பு வைக்க நெருங்கினான். மேலேயிருந்து ஒரு பெண்மணி ஏந்திரக் கல்லைத் தூக்கி அவன் தலையில் போட்டாள். மண்டை பிளந்தது. சாகிற நேரத்திலும் அவனுக்கு ஒரு கவலை: 'பொம்பளை கையால் செத்தான்' என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது! ஆயுதம் தூக்கி வந்த பையனைக் கூப்பிட்டுத் தன்னைக் குத்தச் சொன்னான். பிரயோஜனம் இல்லை. பல வருஷம் கழித்து, தாவீதின் தளபதி யோவாப், 'சுவருக்குப் பக்கத்தில் ஏன் போனீர்கள்' என்று ராஜா கோபித்துக்கொள்வார் என்று எண்ணும்போது இந்தக் கதையைத்தான், அந்தப் பெண்ணோடு சேர்த்து, உதாரணம் காட்டுகிறார். மறைக்க நினைத்தது எதுவோ அதுதான் பாடமாக நின்றது!

*

லாகீஸுக்கு முதல் பெரிய அடி கி.மு. 701-ல் விழுந்தது. அடித்தவர் அசீரிய ராஜா சனகெரிப். அந்தப் படையெடுப்பில் யூதாவில் 46 கோட்டை நகரங்களைப் பிடித்ததாகத் தன் கல்வெட்டில் பெருமை அடித்துக்கொள்கிறார். லாகீஸைப் பிடித்ததில் மட்டும் அவருக்குத் தனி சந்தோஷம். நினிவேயில் தன் அரண்மனையின் ஒரு அறை முழுக்க அந்தச் சண்டையைக் கல்லில் செதுக்க வைத்தார். 1840-களில் ஹென்றி லேயர்ட் தோண்டி எடுத்த அந்தப் பலகைகள் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில்.

அந்தக் காலத்து நியூஸ் ரீல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோபுர உச்சிகளில் வரிசையாகக் கேடயங்கள். அதன் பின்னால் வில்லாளிகள், கவண்காரர்கள். கீழேயிருந்து மதிலை இடிக்கிற யந்திரம் சக்கரத்தில் ஏறி வருகிறது. மேலேயிருந்து எரிகிற தீப்பந்தங்களை அதன் மேல் வீசுகிறார்கள். யந்திரம் மரமும் தோலும், பற்றிக்கொண்டால் போச்சு. அதனால் அதற்குள் ஒரு அசீரிய சிப்பாய் நீளமான அகப்பையை வைத்துக்கொண்டு, தீப்பந்தம் விழ விழத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். சண்டை முழுக்க இவன் வேலை இதுதான். ஒருத்தரையும் குத்தவில்லை, வெட்டவில்லை. ஒரு அகப்பை, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆனால் அவன் இல்லாவிட்டால் யந்திரம் இல்லை. எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா?

யந்திரம் மேட்டில் ஏற வேண்டுமே? அதற்காகக் கல்லைக் கொட்டிக் கொட்டி ஒரு சரிவுப் பாதை போட்டார்கள். அது இன்னும் லாகீஸின் தென்மேற்கு மூலையில் கிடக்கிறது. 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆறரை கிலோ எடையில் சுமார் 30 லட்சம் கற்கள். ராப்பகலாக வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தால் 25 நாளில் போட்டுவிடலாமாம். உள்ளே இருந்தவர்களும் சும்மா இல்லை. வெளியே சரிவு உயர உயர, மதிலுக்கு உள்பக்கம் இவர்களும் ஒரு மேட்டை உயர்த்திக்கொண்டே போனார்கள். அதையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் இரும்பு அம்பு முனைகள் அந்த மூலையில் கிடைத்தன.

சிற்பத்தின் கடைசியில் ஜனங்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். மாட்டு வண்டி, மூட்டை முடிச்சு, மூட்டை மேல் பெண்களும் குழந்தைகளும். இன்னொரு பக்கம் சிலரைக் கழுவில் ஏற்றுகிறார்கள். சனகெரிப் சிம்மாசனத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கிறார். அந்த சிற்பத்தில் அவர் முகத்தை மட்டும் பிற்காலத்தில் யாரோ வேண்டுமென்றே கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். கடன் பாக்கி வைக்காத கை!

*

அப்புறம் லாகீஸைத் திரும்பக் கட்டினார்கள். பழைய சுவர் ஆறு மீட்டர் தடிமன் இருந்தது. புதுசு அதைவிட மெல்லிசு. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுகிற யாருக்கும் தெரியும், இரண்டாவது தடவை கையில் காசு குறைச்சல்.

நூறு வருஷம் ஓடியது. அசீரியர்கள் ஒழிந்தார்கள். பாபிலோன்காரர்கள் வந்தார்கள். ராஜா நேபுகாத்நேச்சார். யூதாவில் சிதேக்கியா என்ற ராஜா பாபிலோனுக்கு எதிராகக் கிளம்பினார். வந்தது படை. ஒவ்வொரு ஊராக விழுந்தது. கடைசியில் ஜெருசலேமைத் தவிர மிச்சமிருந்த கோட்டை நகரங்கள் லாகீஸும் அசெக்காவும் மட்டுமே என்று எரேமியாவின் புத்தகம் சொல்கிறது. நம் ஹோஷயாஹு எழுதியது ஏறத்தாழ இந்தச் சமயத்தில்.

1935-ல் ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேயர் லாகீஸ் வாசலைத் தோண்டிக்கொண்டிருந்தார். வெளி வாசலை ஒட்டி ஒரு காவலர் அறை. தரை முழுக்கக் கரியும் சாம்பலும். அதற்குள் உடைந்த பானை ஓடுகள். பானை ஓடு கிடைக்காத தோண்டல் உலகத்தில் கிடையாது. ஆனால் இந்த ஓடுகளில் கறுப்பு மசியில் எழுத்து! பழைய ஹீப்ரு எழுத்து. அந்த சீஸனில் 18 கிடைத்தன. 1938-ல் இன்னும் மூன்று. ஓரளவுக்குப் படிக்க முடிந்தது மூன்றில் ஒரு பங்கு.

ஓட்டில் ஏன் எழுத வேண்டும்? பாபிரஸ் எகிப்திலிருந்து வர வேண்டும். காசு. பானையோ வாரத்துக்கு ஒன்று எந்த வீட்டிலும் உடையும். முக்கியமான தஸ்தாவேஜுக்கு பாபிரஸ். அன்றாட சமாசாரத்துக்கு ஓடு. பழைய கவரைத் திருப்பிக் கணக்கு எழுதுகிற அதே புத்திதான்.

*

இனி ஹோஷயாஹு. எங்கோ வெளியே ஒரு சின்னக் காவல் முகாமில் பொறுப்பில் இருந்தவர். அவருடைய மேலதிகாரி யாவுஷ், லாகீஸில் இருந்தார் என்பது பெரும்பாலோர் கருத்து. ஹோஷயாஹுவின் பெயர் தெளிவாக இருப்பது மூன்றாம் எண் ஓட்டில். யாவுஷுக்கு வந்த மற்ற ஓடுகளும் அவர் அனுப்பியதாகத்தான் இருக்கும் என்கிறார்கள்.

கடிதத்தின் ஆரம்பம் எல்லாம் நமக்குப் பழக்கமான பாணி. முதலில், எஜமானுக்குக் கடவுள் நல்ல சேதி கேட்கும்படி செய்யட்டும் என்று ஒரு வாழ்த்து. அப்புறம் தாழ்மை. இரண்டாம் எண் ஓட்டில், என்னை நினைவில் வைத்துக்கொள்ள நான் யார், ஒரு நாய்தானே என்கிற அளவுக்குத் தாழ்மை! 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று கையெழுத்துப் போடுகிறோமே, அதற்குக் கொள்ளுத் தாத்தா இது. மனசார நாய் என்று நினைத்து யாரும் எழுதவில்லை. ஃபார்மாலிட்டி.

மூன்றாம் ஓட்டில்தான் ஃபார்மாலிட்டி முடிந்த கையோடு ஆசாமி நிமிர்கிறார். யாவுஷ் முதல் நாள் சாயங்காலம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அதில், உனக்குக் கடிதம் படிக்கத் தெரியவில்லை என்கிற மாதிரி ஒரு குத்தல். வேண்டுமானால் யாராவது எழுத்தரைக் கூப்பிட்டுக்கொள்ளேன் என்கிற தொனி. அதைப் பார்த்ததிலிருந்து தன் மனசே நோய் கண்டு கிடக்கிறது என்கிறார் ஹோஷயாஹு. பிறகு கடவுள் மேல் ஆணையிட்டுச் சொல்கிறார்: இதுவரை எவனும் எனக்குக் கடிதம் படித்துக் காட்டியதில்லை. எனக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் நானே படிப்பேன். படித்ததை ஒன்று விடாமல் திருப்பியும் சொல்வேன்.

அவ்வளவுதான். வசவு இல்லை, அழுகை இல்லை. அடுத்த வரியிலேயே வேலைக்கு வந்துவிடுகிறார். படைத் தளபதி, எல்நாத்தான் மகன் கோன்யாஹு, எகிப்துக்குப் போகிற வழியில் வந்தார், இந்த இந்த ஆட்களை அழைத்துப்போகச் சொன்னார் என்று ரிப்போர்ட். (பாபிலோன் வருகிறான், எகிப்தின் உதவி கேட்கப் போயிருப்பார் என்று சரித்திரக்காரர்கள் ஊகிக்கிறார்கள்.) கடைசியில் இன்னொரு கடிதத்தையும் கூட அனுப்புகிறார். அது ராஜாவின் ஊழியர் தோபியாஹு சம்பந்தப்பட்டது. ஒரு தீர்க்கதரிசி மூலமாக ஷல்லும் என்பவருக்கு வந்தது. அங்கேயிருந்து கைமாறி இவரிடம் வந்து, இவர் மேலே தள்ளிவிடுகிறார். அந்தக் கடிதத்தின் சாரம் ஒரே வார்த்தை: ஜாக்கிரதை!

நாலு டேபிள் தாண்டிப் போகிற ஃபைலில் ஒரே ஒரு வார்த்தை. அதுவும் என்ன வார்த்தை! எதற்கு ஜாக்கிரதை என்று மட்டும் எழுதவில்லை. இந்த மாதிரி சர்க்குலர் நமக்கும் வராமலா இருக்கிறது?

*

ஆறாம் எண் ஓடு இன்னும் கஷ்டம். மேலிடத்திலிருந்து ராஜாவின் கடிதமும் அதிகாரிகளின் கடிதங்களும் வருகின்றன. படித்துப் பாருங்கள் என்று யாவுஷ் இவருக்கு அனுப்பியிருக்கிறார். இவர் படித்தார். (படிக்கத் தெரியும்!) படித்துவிட்டு, இந்த அதிகாரிகளின் பேச்சு நல்லதில்லை, சிப்பாய்களின் கையைத் தளரச் செய்யும், நீங்கள் அவர்களுக்கு எழுதிக் கேட்கக் கூடாதா என்கிறார்.

வேடிக்கை பாருங்கள். அதே காலத்தில் ஜெருசலேமில், கையைத் தளரச் செய்கிறான் என்ற அதே குற்றச்சாட்டைத்தான் அதிகாரிகள் எரேமியா தீர்க்கதரிசி மேல் சுமத்தினார்கள். பாபிலோனிடம் சரணடைந்தால் உயிராவது பிழைக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சிப்பாய்களின் மனசைக் கெடுக்கிறான் என்று பிடித்துச் சேறு நிறைந்த ஒரு குழிக்குள் இறக்கிவிட்டார்கள். ஆக, தலைநகரத்து அதிகாரிகளுக்கு எரேமியா மேல் புகார், முகாமில் இருக்கிற ஹோஷயாஹுவுக்கு தலைநகரத்து அதிகாரிகள் மேல் புகார், வார்த்தை ஒன்றே!

நாலாம் எண் ஓடுதான் உலகப் பிரசித்தம். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன், இன்ன இடத்தில் ஆளே இல்லை என்று வழக்கமான ரிப்போர்ட். முடிவில் ஒரு சேதி. நீங்கள் கொடுத்த அடையாளங்களின்படி லாகீஸின் தீ சமிக்ஞையைப் பார்த்துக் காத்திருக்கிறோம். அசெக்கா எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்து வயர்லெஸ் அதுதான். கோபுர உச்சியில் நெருப்பு. ஒரு கோட்டையில் எரிந்தால் அடுத்த கோட்டைக்குத் தெரியும். லாகீஸிலிருந்து அசெக்கா சுமார் 17 கிலோமீட்டர். ராத்திரியில் இருட்டுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். லாகீஸ் பக்கம் பார்க்கிறான். அசெக்கா பக்கம் பார்க்கிறான். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

அசெக்கா விழுந்துவிட்டது, அதனால்தான் அங்கே நெருப்பு இல்லை என்று முதலில் படித்தவர்கள் உருகினார்கள். இல்லையில்லை, அவர் இருந்த இடத்திலிருந்து அசெக்கா கண்ணுக்கு எட்டாது, நடுவில் மலை மறைக்கும், அதைத்தான் சொல்கிறார் என்கிறார்கள் வேறு சிலர். எப்படி வைத்துக்கொண்டாலும், அந்த முகாமுக்கு மிச்சமிருந்தது ஒரே வெளிச்சம்: லாகீஸ். அது எரிகிறவரை வேலை உண்டு.

*

ஓடுகளை முதலில் படித்து வெளியிட்ட அறிஞர் டோர்ச்சினர் 1938-லேயே வேறு ஒரு கோணம் சொன்னார். ஹோஷயாஹு ரகசியக் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டதாக அவர் மேல் குற்றச்சாட்டு. இந்த ஓடுகள் எல்லாம் அந்த விசாரணைக்காகச் சேர்த்து வைத்த கேஸ் கட்டு என்றார். படிக்கத் தெரியாது என்று திட்டினார்களா, படித்துவிட்டாய் என்று திட்டினார்களா? (ஆபீஸில் இரண்டும் நடக்கும்!)

பிறகு யிகேல் யாதீன் ஒரு போடு போட்டார். ஓடுகளில் ஐந்து, ஒரே பானையை உடைத்தது! வெவ்வேறு நாளில் வெளியேயிருந்து வந்த கடிதம் என்றால் எல்லாம் எப்படி ஒரே பானையில் வரும்? ஆகவே இவை வந்த கடிதங்கள் அல்ல. லாகீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிய ரஃப் காப்பி. ஃபேர் காப்பி பாபிரஸில் ஜெருசலேமுக்குப் போயிருக்கும் என்றார். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு முகாமில் ஒரு பானை உடைந்தால், அந்த முகாமிலிருந்து போகிற ஐந்து கடிதமும் அதில்தானே எழுதப்படும் என்பது எதிர்க் கட்சி.

எது சரியானாலும், ஹோஷயாஹு தனக்குப் படிக்கத் தெரியும் என்றது வெற்று ஜம்பமா? அதற்கு சாட்சி இன்னொரு கோட்டையிலிருந்து வந்தது. தெற்கே பாலைவன ஓரத்தில் ஆராத் என்று ஒரு சின்னக் கோட்டை. அங்கேயும் அதே காலத்து ஓடுகள். மாவு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று சப்ளை சமாசாரம். 2016-ல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 16 ஓடுகளின் கையெழுத்தை கம்ப்யூட்டரில் போட்டு அலசினார்கள். குறைந்தது ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றது கம்ப்யூட்டர். 2020-ல் போலீஸ் கையெழுத்து நிபுணர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு 18 எழுத்துக்களைப் பார்த்தபோது, பன்னிரண்டு பேர்! கிட்டத்தட்ட ஊர் உலகம் மறந்த ஒரு கோட்டையில், தளபதியிலிருந்து ஸ்டோர் கீப்பருக்குக் கீழே இருக்கிறவர் வரை எழுதப் படிக்கத் தெரிந்திருக்கிறது.

லாகீஸுக்கு எழுத்து அதற்கும் வெகு முந்தைய பழக்கம். 2016-ல் அங்கே தந்தத்தில் ஒரு குட்டிச் சீப்பு கிடைத்தது. அதில் கீறியிருந்த எழுத்தைப் பல வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். சுமார் 3,700 வருஷம் பழசு. பதினேழு எழுத்து, ஏழு வார்த்தை. அகரவரிசை எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய முழு வாக்கியம். விஷயம் என்ன தெரியுமா? தலைமுடியிலும் தாடியிலும் இருக்கிற பேன் ஒழிய வேண்டும் என்ற பிரார்த்தனை!

*

லாகீஸ் விழுந்தது. எகிப்தின் படை ஒரு தடவை கிளம்பி வந்தது. பாபிலோன்காரர்கள் ஜெருசலேமைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்தார்கள். எகிப்து திரும்பிப் போனதும் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கி.மு. 587 அல்லது 586-ல் ஜெருசலேமும் எரிந்தது. லாகீஸ் வாசலின் காவலர் அறை தீயில் சரிந்து, ஓடுகளின் மேல் கரியும் சாம்பலும் மூடிக்கொண்டது.

தோண்டி எடுத்த ஸ்டார்க்கியின் முடிவும் சோகமானது. 1938 ஜனவரியில், ஜெருசலேமில் புது மியூசியத்தின் திறப்பு விழாவுக்காக லாகீஸிலிருந்து கிளம்பினார். ஹெப்ரான் அருகே ஆயுதம் தாங்கிய ஆட்கள் வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். பாலஸ்தீனம் கலவரத்தில் இருந்த காலம்.

ஓடுகளில் பெரும்பாலானவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. சனகெரிப்பின் லாகீஸ் சிற்பங்களும் அதே கட்டடத்தில்தான். மதிலை இடித்தவரின் போஸ்டரும், காவல் காத்தவரின் கடுதாசியும் ஒரே கூரைக்குக் கீழே.

லாகீஸில் இன்னொரு பொருளும் கிடைத்தது. களிமண் முத்திரை ஒன்று. 'அரண்மனை மேற்பார்வையாளர் கெதலியாஹு' என்று பெயர் பொறித்தது. அந்த ராஜ்யத்தில் மிகப் பெரிய பதவிகளில் ஒன்று. முத்திரையின் முதுகில் பாபிரஸின் நார் பதிந்த தடம் இருக்கிறது. அது ஒட்டியிருந்த கடிதம்தான் இல்லை. உசத்தி பாபிரஸில், உசத்தி ஆசாமிகள் எழுதியதெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போயிற்று. உடைந்த பானையில், ஒரு சின்ன முகாமின் சின்ன அதிகாரி, எனக்குப் படிக்கத் தெரியும் ஐயா என்று எழுதியது நின்றுவிட்டது.

கோபுரம் இடிந்தது, ராஜா போனார், ராஜ்யம் போயிற்று. குத்திக் காட்டி எழுதிய யாவுஷின் கடிதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஹோஷயாஹுவின் பதிலை மட்டும் உலகம் தொண்ணூறு வருஷமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, அடுத்த தடவை மெமோ வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். பதிலை மரியாதையாக, சுருக்கமாக, நல்ல மசியில் எழுதுங்கள். அடுத்த பாராவிலேயே வேலைக்கு வந்துவிடுங்கள். யார் கண்டது!